பிரீமியம் ஏறுகிறது, பாலிசியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். 67 வயது அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய 5 லட்ச ரூபாய் பாலிசிக்கு இந்த ஆண்டு 34,000 ரூபாய் கேட்கிறார்கள். மாத்திரைக்கு மாதம் 2,500 ரூபாய் தனி. இதற்கு மேல் வரியும் கட்டுகிறேன். எல்லோருக்கும் அரசே வைத்தியம் பார்ப்பது நடக்கிற காரியமா? பாலிசியை விட்டுவிடலாமா?

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் முழுதாக நடக்கும்வரை பாலிசியை விடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனம் வயதையும் நோயையும் பார்த்து விலை போடுகிறது. கையில் சம்பளம் இருக்கும் வயதில் பிரீமியம் குறைவு, சம்பளம் நின்ற பிறகு பல மடங்கு. வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவத்தில் கட்டுவது வருமானத்துக்கு ஏற்ப, பெறுவது நோய்க்கு ஏற்ப. தாய்லாந்து 2001–02இல் ‘30 பாட்’ திட்டத்தை (ஒரு முறை வைத்தியத்துக்கு நோயாளி 30 பாட் மட்டும் கட்டினால் போதும், பாட் அந்நாட்டு நாணயம்) கொண்டுவந்தபோது அது பணக்கார நாடல்ல.

தமிழ்நாட்டிலும் இதில் பெரும்பகுதி இருக்கிறது. 1994இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகள் அத்தனைக்கும் சேர்த்து, மருந்தின் மூலப்பெயரில் (கம்பெனி வைத்த பெயரில் அல்ல) டெண்டர் விட்டு வாங்குகிறது. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையை இலவசமாகத் தர முடிகிறது. ஓட்டை இருப்பது வேறிடத்தில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 11,000 ரூபாய் வாங்கும் காவலாளியே வெளியே நிற்கிறார். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்தான் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில் கட்டுகிறார். வருமான வரம்பே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் செலவில் முதலில் மாத்திரையைக் குறையுங்கள். பாலிசி பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கொடுக்கும். தினசரி மாத்திரைக்கு அதை நம்பிப் பயனில்லை. அம்மாவின் மருந்துச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே வருமானச் சான்று கேட்பதில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்றவை அங்கே வழக்கமாகத் தருபவை. ஒன்றில் கவனம் தேவை: கடையில் வாங்கியது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையாக இருந்தால், சுகாதார நிலையத்தில் இரண்டும் தனித்தனியாக வரலாம். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிச் சர்க்கரை சட்டென இறங்கி மயங்குபவர்கள் உண்டு. மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருத்துவரிடம் ஒப்பிட்டுக் கேட்டு, பழைய மாத்திரை அட்டைகளை அப்புறப்படுத்துங்கள்.

அடுத்து பிரீமியம் நோட்டீஸ். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அந்த 18 சதவீதம் இன்னும் இருந்தால் கேளுங்கள். 60 வயது தாண்டியவருக்கு ஒரே ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த, நிறுவனம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாக வேண்டும். சென்ற ஆண்டு ரசீதோடு ஒப்பிடுங்கள்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியில் 10,000 ரூபாய் அறை எடுத்தால், அறுவை, மருத்துவர் கட்டணங்களிலும் பாதியை உங்கள் தலையில் கட்டலாம்.

தவணை தேதியைத் தவறவிட்டால், ஆண்டுத் தவணைக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டிப் புதுப் பாலிசி எடுத்தால் அம்மாவின் சர்க்கரை நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கு நிறுவனம் பணம் தராத காலம்) மறுபடி முதலிலிருந்து, 3 ஆண்டு வரை.