பதில்: 'கோல்ட் ஸ்வெட்' கேட்டுத் தட்டினால் 4-இல் தாளம் தவறுகிறது

'கோல்ட் ஸ்வெட்' பாட்டோடு சேர்ந்து 1-2-3-4 என்று தட்டினால் 4-இல் தவறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தப்பாக எண்ணவில்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1967-இல் பதிவு செய்த அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். ஆசாமி வேண்டுமென்றேதான் நம்மை வழுக்கி விடுகிறார்! முதல் நாலு எண்ணிக்கைச் சுற்றில் ஸ்னேர் (டிரம்ஸில் 'டப்' என்று கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடி 2-இல் ஒழுங்காக விழும். 4-இல் விழாது, அரை எண்ணிக்கை தள்ளி, "நாலு-உம்" என்றால் அந்த "உம்"மில் விழும். நீங்கள் அதையே 4 என்று பிடித்துக்கொள்வதால்தான் அடுத்த 1 கைநழுவுகிறது.

காலால் மட்டும் 1-2-3-4 தட்டுங்கள், ஸ்னேர் பின்னால் ஓடாதீர்கள். பாதி வேகத்தில் வைத்துக் கேட்டால் சட்டென்று பிடிபடும். அப்புறம், மேசியோ பார்க்கரின் சாக்ஸபோனுக்குப் பிறகு டிரம்ஸ் முன்னால் வருமே, அங்கே சோதித்துப் பாருங்கள். எனக்கே அது பிடிபட ஒரு வாரம் ஆனது.