யூனிஃபார்மில் பார் உள்ள ஹோட்டலில் சாப்பிடலாமா?

டிஜிசிஏ (இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி பைலட்டுகள் குடிப்பதைத்தான் தடுக்கிறது, பார் இருக்கிற ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதை அல்ல. ஆனால் பைலட்டான உங்கள் தம்பி வேலை பார்க்கும் விமானக் கம்பெனி தடுக்கலாம். திருச்சியில் இறங்கி யூனிஃபார்மோடு நேராகத் தஞ்சாவூர் ஹோட்டலுக்கு வந்தால் சிக்கலா என்ற உங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

உங்கள் மாமா சொன்ன 12 மணி நேரக் கணக்கு வேறு. விமானம் ஓட்டுவதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக்கூடாது, ஊதிக் காட்டும் சோதனையில் பூஜ்யம்தான் வரவேண்டும். முதல் தடவை சிக்கினாலே லைசென்ஸ் 3 மாதம் முடக்கம். யாரோ இதையும் உடை விதியையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

தம்பியை அவர் கம்பெனி கையேட்டில் சீருடைப் பகுதியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் பார் கவுண்டரை மட்டும் விலக்கும், சில மது பரிமாறும் இடம் முழுவதையுமே. தெளிவாக இல்லையென்றால் மேலதிகாரியிடம் கேட்டுவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், சட்டையை மாற்றிக்கொண்டு வரட்டும். தோளில் இருக்கும் தங்கக் கோட்டுப் பட்டையை உருவினால் மட்டும் போதாது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தோளில் வெறும் வார் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பையில் ஒரு கட்டம் போட்ட சட்டை போதும். திருச்சியிலிருந்து வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், காரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: விதி அனுமதித்தாலும், பக்கத்து மேசை பீர் பாட்டிலோடு சேர்த்து யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், தம்பி குடித்தது மோர் என்று யாருக்குத் தெரியும்?