ஐரிஸ் கிழங்க எவ்வளவு ஆழத்துல நடணும்?

கேள்வி: டொரண்டோல வீட்டுக்குப் பின்னாடி பியர்டட் ஐரிஸ்ங்கிற பூச்செடி வச்சு 3 வருஷம் ஆச்சு. ஊர்ல மஞ்சள் நடுற பழக்கத்துல 4 இன்ச் குழியில போட்டு மூடிட்டேன். இலை தளதளன்னு வருது, பூ ஒண்ணுகூட இல்ல, 2 கிழங்கு அழுகி நாத்தம் வேற. என்ன பண்ணட்டும்?

பதில்: அக்கா, ஆழம்தான் பிரச்சனை. மஞ்சள் மண்ணுக்குள்ள பெருக்குற கிழங்கு, அத மூடித்தான் ஆகணும். ஐரிஸ் அப்படி இல்லீங்க, அது தரையோட படுத்து வெயில் காயணும், முதுகு வெளிய தெரியணும், அப்பதான் பூ எடுக்கும். உங்க பக்கம் பெரும்பாலும் களிமண்ணு, அதனால மேல மண்ணே போடாதீங்க. மணல் பாங்கான இடம்னா அரை இன்ச் மூடலாம், மிஞ்சிப்போனா 1 இன்ச், அவ்ளோதான்.

இப்ப எல்லாத்தையும் தோண்டி எடுத்துருங்க. கொழகொழன்னு நாத்தம் அடிக்கிறது பாக்டீரியா அழுகல், கெட்டியான வெள்ளச் சதை வர்ற வரைக்கும் வெட்டி எறியுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய பிளீச் தண்ணில தொடச்சுக்கோங்க. உள்ள ஓட்டை இருந்தா நல்லா பாருங்க, இளஞ்சிவப்பா தடியா ஒரு புழு இருக்கும், ஐரிஸ் போரர்னு சொல்லுவாங்க, அது கடிச்ச வழியாவும் அழுகல் உள்ள போகும், கண்டா நசுக்கிருங்க. வெட்டின கிழங்க நிழல்ல 2 நாள் காய விடுங்க, இலைய 6 இன்ச் விட்டு கத்தரிச்சிருங்க.

நடும்போது குழி நடுவுல மண்ண சின்ன மேடு கட்டி, கிழங்க அது மேல உக்கார வச்சு, வேர ரெண்டு பக்கமும் கீழ எறக்கி விட்டு வேருக்கு மட்டும் மண்ணு தள்ளி நல்லா அமுக்குங்க, வேர் ஆழத்துல இருக்கணும் கிழங்கு மேல இருக்கணும். ஆகஸ்ட்ல இருந்து செப்டம்பர் நடுவுக்குள்ள முடிச்சிருங்க, பனி உறையுறதுக்கு முன்னாடி வேர் பிடிக்க 6 வாரமாவது வேணும், லேட்டானா குளிர்ல மண்ணு உப்பி கிழங்க மேல தூக்கிரும்.

குறைஞ்சது 6 மணி நேர வெயில் வேணும், பக்கத்துல புல்லுக்குப் போடுற நைட்ரஜன் உரம் இதுல விழவே கூடாது, விழுந்தா மறுபடியும் இலைதான் வரும். மாத்தி நட்ட மறு வசந்தத்துல பூக்கலன்னா பயந்து திரும்பத் தோண்டிராதீங்க அக்கா, அடுத்த வருஷம் வரும்.

ஐரிஸ்லயே வேற வகையான சைபீரியன் ஐரிஸ் வச்சிருந்தீங்கன்னா இதெல்லாம் அதுக்கு இல்ல, அத 1லருந்து 2 இன்ச் வரைக்கும் மூடி ஈரமா வச்சுக்கணும்.