சிறுநீர் அவசரத்துக்குக் காலில் ஊசியா?

கேள்வி: எனக்கு 58 வயது, சர்க்கரையும் உண்டு. சிறுநீர் திடீரென்று முட்டுகிறது. பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டதில் வாய் வறண்டு மலச்சிக்கலும் வந்ததால் நிறுத்திவிட்டார்கள். இப்போது கணுக்காலில் ஊசி குத்தி கரண்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம்? பலன் கிடைக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: சம்பந்தம் இருக்கிறது. உள்கணுக்கால் வழியே பாதத்துக்குப் போகும் டிபியல் நரம்பும், சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகளும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே பகுதியில் சேர்கின்றன. காலில் கொடுக்கும் தூண்டுதல் அங்கே போய், அடக்கமில்லாமல் சுருங்கும் சிறுநீர்ப்பையைத் தணிக்கிறது.

உள்கணுக்கால் எலும்புக்கு மூன்று விரற்கடை மேலே, முடி போன்ற மெல்லிய ஊசியைச் செருகி, அதே காலின் பாதத்தில் ஒரு பேட் ஒட்டுவார்கள். மின்னோட்டத்தை மெல்ல ஏற்றும்போது கட்டைவிரல் மடங்க வேண்டும், அல்லது உள்ளங்காலில் குறுகுறுப்பு ஓட வேண்டும். இதுதான் முக்கியம். ஊசி குத்திய இடத்தில் மட்டும் சுரீர் என்றால் நரம்பு அகப்படவில்லை. உடனே சொல்லுங்கள், ஊசியை மாற்றிக் குத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால் பலன் கூடாது. சரியாக அமைந்ததும் 30 நிமிடம், வாரம் ஒரு முறை, 12 வாரம். பிறகு பலனைத் தக்கவைக்க ஏறக்குறைய மாதம் ஒரு முறை.

2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரம் முடிந்தபோது நல்ல முன்னேற்றம் சொன்னவர்கள் 54.5 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிகிச்சை போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 20.9 சதவீதம். எல்லோருக்கும் கேட்காது, ஆனால் முயன்று பார்க்கத் தகுந்தது. நாலைந்து வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நின்றுவிடாதீர்கள். பலருக்கு ஆறேழு வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரியும். தொடங்கும் முன் மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு, எப்போது கசிந்தது என்று எழுதி வையுங்கள். பலனை அளக்க அதுதான் ஆதாரம்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இரண்டு விஷயம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையே அடிக்கடி சிறுநீர் வரவைக்கும், கிருமித்தொற்றும் அப்படித்தான். சிறுநீர்ப் பரிசோதனையோடு, போன பிறகு பையில் மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனிலும் பார்த்துவிடுங்கள். பாதம் மரத்துப்போயிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நரம்பு பழுதாகியிருந்தால் தூண்டுதல் சரியாக ஏறாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

இதுவும் கேட்காவிட்டால், முதுகின் அடியில் சிறு கருவி பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. அதில் முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, தொல்லை பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள்.