ஸ்டாக் ஃபீல்டில் அணு உலை இருந்த இடம்

வணக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ஃபீல்டு முழுவதும் சுற்றியும் முதல் அணு உலை இருந்ததற்கான தடயமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது அதே பெயர் கொண்ட புதிய மைதானம். பழையது 1957-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

அங்கிருந்து எல்லிஸ் அவென்யூவுக்கு வந்து தெற்கே நடங்கள். 56, 57-ஆம் தெருக்களுக்கு இடையே ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிற்கிறது. நீங்கள் தேடும் இடம் அதுதான். 1967 டிசம்பர் 2 அன்று, உலை இயங்கிய 25-ஆம் ஆண்டு நிறைவில் அதைத் திறந்தார்கள்.

உலையை மைதானத்தின் நடுவில் கட்டவில்லை. மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியிலிருந்த ஸ்குவாஷ் ஆடுகளத்தில், கிராஃபைட் கட்டிகளை அடுக்கி எழுப்பினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் 1939-இல் கால்பந்து அணியையே கலைத்திருந்தார் (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன்). கூட்டம் வராத மாடங்கள் ஆய்வுக்குக் கிடைத்தன. சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதை முதன்முதலில் 1935-இல் வென்ற ஜே பெர்வாங்கர் ஆடிய மைதானத்தில், ஏழே ஆண்டுகளில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு தொடர்வினையை (ஓர் அணுக்கருவின் பிளவு அடுத்தடுத்த பிளவுகளைத் தூண்டுவதை) கட்டுப்பாட்டுக்குள் நடத்திக் காட்டியது! இத்தனைக்கும் அன்று கிடைத்த திறன் அரை வாட்தான்.

சிற்பத்தை ஒட்டியுள்ள பெரிய கட்டடம் 1970-இல் திறக்கப்பட்ட ரீகன்ஸ்டைன் நூலகம். பழைய மைதானத்தின் நிலத்தில்தான் அது எழுந்திருக்கிறது. அதையும் சுற்றிப் பாருங்கள். மைதானம் எவ்வளவு பரந்திருந்தது என்பது அப்போதுதான் பிடிபடும். கால்பந்து 1969-இல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியது. இப்போது ஆடுவது நீங்கள் சுற்றிய புதிய மைதானத்தில்.