அந்த 69 லட்சம் பேரும் எங்கே போனார்கள்?

கேள்வி: 2019 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்த 69 லட்சம் பேரில் இன்று ஒருவரைக்கூடக் காணவில்லையே? அவர்கள் மீது உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அவர்கள் அவரது கட்சியின் மொட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டதற்காக இல்லை.

இதை விளக்க எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். எல்லோரும் அவரை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் மரியாதைக்குச் சொல்லும் ஐயா இல்லை இது, சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு நான் 'மல்லி', அதாவது தம்பி. கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். என் சம்பளத்தில் பிழை வந்தால் நான் போய்ச் சொல்ல முன்பே திருத்தி வைத்திருப்பார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தப் பதிலை இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

2019 நவம்பர் 16, சனிக்கிழமை தேர்தல். திங்கட்கிழமை காலை அய்யா ஒரு பெரிய தட்டோடு வந்தார். வீட்டில் செய்த கிரிபத், அதாவது பாற்சோறு, மேலே வாழை இலை மூடியிருந்தது, பக்கத்தில் லுணு மிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பல். மேசை மேசையாகப் போய்க் கொடுத்தார். என் மேசையில் மட்டும் இரண்டு துண்டு வைத்தார். மை பூசிய விரலைக் காட்டி, "கோபிக்காதே மல்லி, நீ போடாவிட்டாலும் உனக்கும் சேர்த்து நான் போட்டிருக்கிறேன். இனி நாடு நேராகிவிடும்" என்றார். அன்றைக்குத்தான் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய பௌத்த தாதுகோபுரத்துக்கு முன்னால் பதவியேற்பு. அலுவலகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்களப் பெரும்பான்மை வாக்குகளாலேயே வெல்ல முடியும் என்று தெரிந்திருந்ததாகவும், தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்ந்துவரக் கேட்டும் எதிர்பார்த்த பதில் வரவில்லை என்றும் புது ஜனாதிபதி பேசினார். அதைக் கேட்டுக்கொண்டே மீதிக் கிரிபத்தைச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

கணக்கைச் சொன்னால் 6,924,255 வாக்குகள், 52.25 சதவீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 6 சதவீதம் சொச்சம். எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவுக்கு அங்கே 84 சதவீதம் அளவில். சஜித் மேல் எங்கள் ஆட்களுக்குக் காதல் என்று யாரும் நினைக்கவேண்டாம். தேர்தலுக்கு முதல் நாள் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த மனுசன் வந்தால் திரும்பவும் வெள்ளை வான் வருமெண்டு பயமாக் கிடக்கு." கோட்டாபய பாதுகாப்புச் செயலாளராக இருந்த, வெள்ளை வானில் ஆட்கள் கடத்தப்பட்ட காலம் வடக்கில் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கொஞ்சம்தான்.

ஏனென்றால் மற்றப் பக்கத்தின் பயமும் பொய்யில்லை. அந்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும், ஜனாதிபதி ஒரு பக்கமும் பிரதமர் ஒரு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்த அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை. சில நாட்களிலேயே கோட்டாபய தான் போட்டியிடப் போவதாகச் சொன்னார். 'போரை முடித்த ஆள், வேலை செய்கிற ஆள்' என்ற ஒரு வாசகம் போதுமாக இருந்தது. அந்த டிசம்பரில் ஊர் ஊராக இளம் பெடியன்கள் தாங்களே பெயின்ட் வாங்கி மதில்களில் ஓவியம் வரைந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. உண்மையிலேயே நம்பினார்கள்.

நான் மட்டும் என்ன யோக்கியனா? வந்த கையோடு பெறுமதி சேர் வரியை (VAT) 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், சம்பளத்தில் பிடிக்கிற வரியையும் எடுத்தார்கள். ஜனவரிச் சம்பளச் சீட்டை அய்யா கையில் தந்தபோது அந்தக் கழிவு நிரல் வெறுமையாக இருந்தது. "பார்த்தாயா?" என்று சிரித்தார், நானும் பல்லைக் காட்டினேன். அரசாங்கம் செலவுக்கு எங்கே போகும் என்று நானும் கேட்கவில்லை. வடக்கில், ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் பிறந்தவன் என்பதால் எனக்கு மட்டும் தனியாகப் பொருளாதார ஞானம் வந்துவிடவில்லை.

சரி, அப்படியென்றால் கோபம் எதில்?

2020 மார்ச், ஊரடங்கு நேரம். மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு ஒரு சிறு பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய்க்கு ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கைதட்டும் படம் போட்டார், அய்யா அதற்கு ஒரு இதயம் போட்டார். அடுத்த மாதம், கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. ஜனாஸா எரிப்பு, அதாவது புதைப்பதே வழக்கமான முஸ்லிம்களின் உடல்களையும் எரிப்பது, 2021 பெப்ரவரி வரை நடந்தது. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளை கனத்தை மயான வேலியில் சனங்கள் எதிர்ப்புக்காக வெள்ளைத் துணி கட்டினார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். துணிகளைவிட, பார்த்தும் பார்க்காத மாதிரித் தலையைத் திருப்பிய பயணிகள்தான் எனக்கு அதிகம் ஞாபகம். மதியச் சாப்பாட்டு நேரம் எங்கள் முஸ்லிம் நண்பர் ஒருவர் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அய்யா குறுக்கிட்டு, "நிபுணர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உங்களுக்கு எல்லாவற்றுக்கும் தனிச் சட்டம் வேண்டுமா?" என்றார். நண்பர் அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வரவில்லை, சாப்பாட்டுப் பெட்டியைத் தன் இடத்திலேயே திறக்கத் தொடங்கினார்.

என் கோபம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. கேள்வி கேட்டவனைத் துரோகி, டயஸ்போராக்காரன், என்ஜிஓக்காரன் என்று வாயடைத்தார்கள் பாருங்கள், அது பயத்தில் செய்தது இல்லை. அதைச் செய்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு காஸ் தீரும்வரை நிறுத்தவும் இல்லை. (ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்போது எதிர்க்கட்சியில் இருந்தும் சிலர் ஆதரவாகக் கை தூக்கினார்கள், அதில் முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆக இந்தக் கணக்கு இனத்தை வைத்துப் போடுகிற கணக்கும் இல்லை.)

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, நாடு முழுக்கச் சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம். நவம்பரில் தளர்த்தியபோது பெரும்போகத்துக்குக் காலம் பிந்திவிட்டது. முதலில் வீதிக்கு வந்தது கொழும்பு இல்லை, கமக்காரர்கள். அவரை அள்ளிக் கொண்டுவந்த அதே சிங்களக் கிராமங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு, டொலர் 200இலிருந்து 360 பக்கம், ஏப்ரல் 12 கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்ற அறிவிப்பு, 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாய். அதுவும் கிடைத்தால்.

ஜூன் கடைசியில் ஒரு இரவு பெற்றோல் வரிசையில் நின்றேன். லீற்றர் 470 ரூபாய் ஆன வாரம். எனக்கு மூன்று வாகனம் முன்னால் பழக்கமான ஒரு நீல ஓல்ட்டோ கார். அய்யா. சாரமும் பெனியனுமாக பொனட்டில் சாய்ந்து, கையில் டோக்கன் துண்டு, முகம் கறுத்துப்போய். ஒன்றரை நாளாக நிற்கிறாராம். பிளாஸ்கில் இருந்த பிளேன் டீயை மூடியில் ஊற்றித் தந்தார், சீனி இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் யாரையோ பார்த்து, "எங்கேயடா அந்த 69 லட்சம்? வரச்சொல்லு, வந்து தள்ளச்சொல்லு" என்று கத்தினார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அய்யாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் ஆளுக்குப் போடவில்லை மல்லி, நாட்டுக்குத்தான் போட்டேன்" என்றார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கிரிபத், இதயப் படம், சாப்பாட்டு மேசை, எல்லாம். அந்த இரவில், சீனியில்லாத தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை. இப்போது யோசித்தால் சொல்லியிருக்கவேண்டும்.

'அவர்கள் எங்கே போனார்கள்' என்ற கேள்விக்கு என் பதில்: நிறையப் பேர், 2022இல் கோட்டாபயவை விலகச்சொல்லிப் போராட்டம் நடந்த கொழும்புக் காலிமுகத்திடலுக்குப் போனார்கள். நான் வேலை முடிந்து அங்கே இருந்த போராட்டக் கூடாரங்களுக்கு, கோட்டாகோகமவுக்கு, போகும் நாட்களில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில், "நானும் போட்டேன், அதுதான் இங்கே நிற்கிறேன்" என்பார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் வராமல் வெறும் எதிர்க்கட்சிக்காரரும் நாங்களும் மட்டும் கத்தியிருந்தால் அந்த மனிதர் அசைந்திருக்க மாட்டார். மே 18 அன்று அதே இடத்தில், போரின் முடிவில் கொல்லப்பட்ட தமிழருக்கான முள்ளிவாய்க்கால் நினைவு, கஞ்சி கொடுத்தார்கள். கொழும்பின் நடுவில் அப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சிலர் வாங்கிக் குடித்தார்கள், சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள். அய்யாவை வரச்சொல்லியிருந்தேன். வரவில்லை. அடுத்த நாள் காரணமும் சொல்லவில்லை.

உண்மையான விசுவாசி யார் என்று தெரியவேண்டுமானால் மே 9ஐப் பாருங்கள். பஸ் பஸ்ஸாகப் பிரதமரின் அலரி மாளிகைக்கு ஆட்களை ஏற்றி வந்தார்கள். பிரதமராக இருந்த அண்ணன் மஹிந்தவைப் 'பதவி விலகாதே' என்று கேட்கவாம். கூட்டம் முடிந்ததும் பொல்லோடு வெளியே வந்து கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். மாலைக்குள் அந்த ஆதரவாளர்கள் பேர வாவித் தண்ணீருக்குள் நின்றார்கள், மஹிந்த பதவியை விட்டிருந்தார், ஊர்களில் எம்பிக்களின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவவில் ஒரு ஆளுங்கட்சி எம்பி கொல்லப்பட்டார். எரித்ததையும் கொன்றதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர்கள் நனையவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, 13ஆம் திகதி கோட்டாபய மாலைதீவு, அடுத்த நாள் சிங்கப்பூர், அங்கிருந்து இராஜினாமா. ஜூலை 20 நாடாளுமன்றத்தில் அதே மொட்டு உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தாங்கள் காலமெல்லாம் திட்டிய ரணில் விக்கிரமசிங்கவுக்கு வாக்களித்து 134 வாக்குகளால் ஜனாதிபதியாக்கினார்கள். செப்டெம்பரில் கோட்டாபயவும் திரும்பி வந்தார், விமான நிலையத்தில் மாலையோடு அமைச்சர்கள் நின்றார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கோட்டாபய, அவரின் சகோதரர்கள் மஹிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. நட்டஈடு கிடையாது, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபாய். மூன்று மாதம் வரிசையில் நின்ற ஓட்டோக்காரருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், என்ன சொல்வார் என்று இங்கே எழுத முடியாது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் மொட்டுச் சின்னத்தில் நின்ற மஹிந்தவின் மகன் நாமலுக்கு விழுந்தது 342,781. அதாவது 69 லட்சத்தில் விசுவாசம் என்று மிஞ்சியது மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. மற்றவர்கள் விசுவாசிகளே இல்லை, பயந்தவர்கள், அல்லது வரிக்குறைப்புக்குப் பல்லைக் காட்டிய என்னைப் போன்றவர்கள். அதனால்தான் '69 லட்சம்' என்று சொல்லி ஒரு சனத்தையே முட்டாளாக்குகிற பகிடி எனக்கு இப்போது பிடிப்பதில்லை. அந்தப் பகிடி தெருவில் ஓடும் மட்டும், பஸ் ஏற்பாடு செய்தவர்களும் கை தூக்கியவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஜனாஸா எரிப்புக்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. செய்தி வந்த அன்று அய்யா, சாப்பாட்டு நேரம், தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த முஸ்லிம் நண்பரின் இடத்துக்குப் போனார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது பெட்டி பாதி அப்படியே இருந்தது.

செப்டெம்பர் 21 தேர்தல் முடிந்து, விடுமுறையும் முடிந்து, செவ்வாய்க்கிழமை அலுவலகம் வந்தோம். விரலில் மை இருந்தது. கிரிபத் இல்லை. "இந்த முறை எனக்கும் சேர்த்து யாருக்குப் போட்டீர்கள் அய்யே?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வாக்கு ரகசியம் மல்லி, அதெல்லாம் கேட்கக்கூடாது" என்றார்.