கட்டணம் கட்டப்போவது பெரியப்பா இல்லை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தம்பதி, உயர்நிலை நான்கில் படிக்கும் மகளோடு, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மருத்துவம் படிக்க வெளிநாடு அனுப்பச் சொல்லிப் பெரியப்பா நெருக்குகிறாராம். ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், வீட்டை விற்கும் வரை பேச்சு போயிருந்தது.

வேண்டாம் என்றேன். சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேமநிதியின் கல்விக் கடன் வெளிநாட்டுக் கல்லூரிக்குக் கிடைக்காது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால், படித்து வந்தபின் இங்கே மருத்துவராகப் பதிவு செய்வதும் பெரும்பாடு. அதைவிட, பிள்ளைக்கு உயிரியலே பிடிக்கவில்லை.

அவளுக்குப் பிடித்தது வேறு. துணி உலர்த்தும்போது சலவை இயந்திரம் தடதடவென்று ஆடுகிறதே, வேகம் இன்னும் கூடியதும் ஏன் அடங்குகிறது என்று என்னையே கேட்டாள். துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் எடையின் மையம் அச்சைவிட்டு விலகும். சுற்றுக்கு ஒரு தள்ளு விழும். அந்தத் தள்ளு, இயந்திரத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகத்தோடு, பொருந்தும்போது ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அதுதான் ஒத்ததிர்வு. அந்த வேகத்தைத் தாண்டினால் அடங்கிவிடும். வட்ட இயக்கம், உயர்நிலைக்குப் பின் போகும் தொடக்கக் கல்லூரியின் பாடம். இவள் அதற்குள் கேட்டுவிட்டாள்!

இதே கேள்விக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை இங்கேயே, விமானத் தொழில் வளாகமான சிலேத்தார் விண்வெளிப் பூங்காவிலும் சாங்கி பக்கமும் இருக்கிறது: விமான எஞ்சின் பராமரிப்பு. அச்சிலிருந்து 30 செ.மீ. தள்ளி 1 கிராம் கூடுதலாக இருந்து, எஞ்சினின் சுழலும் பாகமான சுழலி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், அந்த ஒரு கிராம் சுமார் 33 கிலோ எடைக்கு இணையான விசையால் அச்சை இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. நொடிக்கு 166 முறைக்கு மேல் சுற்றிவரும் அந்த இழுப்பே அதிர்வாக, அலையாக உலோகத்தில் பரவுகிறது. அதை உணரியால் அளந்து, எங்கே எவ்வளவு எடை சேர்ப்பது என்று கணக்கிட்டுச் சமன் செய்வார்கள்.

விரிசலைத் தேடுவதற்கும் அலைதான். எஃகில் மீயொலி, அதாவது காதுக்கு எட்டாத உச்ச ஒலி, நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். 30 மி.மீ. தடிமனுள்ள துண்டில் எதிரொலி சுமார் 10 மைக்ரோவினாடியில் (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவினாடி) திரும்ப வேண்டும். 5-லேயே வந்துவிட்டால் பாதி ஆழத்தில் ஏதோ இருக்கிறது. வெட்டாமல், உடைக்காமல் இப்படிச் சோதிப்பது தனித் தொழில். அதற்குத் தனிச் சான்றிதழும் உண்டு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமான, விண்வெளிப் பொறியியல் பட்டயம் மூன்று ஆண்டு. குடிமக்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிள்ளையின் பெயரில் அரசு வைத்திருக்கும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கிலிருந்தும் கட்டலாம். பிறகு பட்டப்படிப்புக்கும் போகலாம், அது அப்புறம்.

ஆண்டு நடுவில் வரும் முன்கூட்டிய சேர்க்கையில் மதிப்பெண்ணோடு ஆர்வத்தையும் பார்க்கிறார்கள். பெற்றோரிடம் சொன்னது இதுதான்: விண்ணப்பத்தை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்தவேண்டாம். அதற்குமுன் பட்டறையை நேரில் பார்த்துவிட்டு அவள் பிடிக்கவில்லை என்றால், சரி, நான் சொன்னதையும் விட்டுவிடுங்கள். வீட்டு முகவரை மட்டும் இன்றைக்கே கூப்பிட்டு, விற்பனை இல்லை என்று சொல்லுங்கள்.